கொரியாவுக்கு வெளியே மின்விளையாட்டு: பிந்தி வந்தோர் கற்ற பாடம்

(மாணவர்களும் இளைஞர் நலத்துறை அலுவலர்களும் கலந்துகொண்ட கருத்தரங்கு ஒன்றில் நிகழ்த்திய உரை)



பொருளாதார வளர்ச்சியைப் பற்றிப் பேசும் இடங்களிலெல்லாம் எழும் கேள்வி ஒன்று உண்டு. ஒரு துறையில் ஒரு நாடு வெகுதூரம் முன்னேறிச் சென்றுவிட்ட பின், பிந்தித் தொடங்கும் நாடுகள் என்ன செய்ய வேண்டும்? கதவை அகலத் திறந்து வைத்து, முன்னேறியவர்களோடு மோதி மோதியே கற்றுக்கொள்ள வேண்டுமா? அல்லது சிறிது காலம் வேலி கட்டிக்கொண்டு, வேர் ஊன்றிய பிறகு வெளியே வர வேண்டுமா? எஃகு, ஜவுளி, சர்க்கரை ஆகிய தொழில்களை முன்வைத்து இக்கேள்வியை நம் நாட்டில் நூறாண்டுகளாக விவாதித்து வருகிறோம். அதே கேள்வியை இன்று சற்றும் எதிர்பாராத ஒரு துறையில் வைத்துப் பார்க்க விரும்புகிறேன். இளைஞர்கள் ‘இ-ஸ்போர்ட்ஸ்’ என்று அழைக்கும் போட்டி வீடியோ விளையாட்டே அத்துறை. இதனை மின்விளையாட்டு என்று குறிப்பிடுவேன்.

இதனை வெறும் பொழுதுபோக்கு என்று அலுவலர்கள் ஒதுக்கிவிட இயலாத நிலை வந்துவிட்டது. 2022 டிசம்பரில் இந்திய அரசு, பல்விளையாட்டுப் போட்டிகளில் இடம்பெறும் மின்விளையாட்டை இளைஞர் நலன் மற்றும் விளையாட்டு அமைச்சகத்தின் பொறுப்பில் சேர்த்தது. 2023-இல் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் மின்விளையாட்டின் ஏழு பிரிவுகளுக்குப் பதக்கங்கள் வழங்கப்பட்டன. எனவே இத்துறையை ஊக்குவிப்பதா என்ற கேள்வி ஓரளவு தீர்ந்துவிட்டது. எவ்வாறு ஊக்குவிப்பது என்பதே மீதமுள்ள கேள்வி. அதற்கு விடை காண, தென்கொரியா ஆதிக்கம் செலுத்திய ஒரு விளையாட்டில் பிற நாடுகள் வளர்ந்த வரலாறு நமக்குப் பெரிதும் உதவும்.

கொரியா முன்னணிக்கு வந்த விதம்

அமெரிக்காவின் பிளிசார்ட் நிறுவனம் ‘ஸ்டார்கிராஃப்ட்’ என்னும் கணினி விளையாட்டை 1998 மார்ச்சில் வெளியிட்டது. இருவர் எதிரெதிரே ஆடும் போர்த்திற விளையாட்டு இது. கனிமங்களைத் திரட்டுதல், கட்டடங்கள் எழுப்புதல், படை அமைத்தல், எதிரியின் எண்ணத்தை உய்த்துணர்தல் ஆகிய அனைத்தையும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டும். கிடைத்த வளத்தை இன்றைய தேவைக்குச் செலவிடுவதா, நாளைய வளர்ச்சிக்கு முதலீடு செய்வதா என்பதை நொடிக்கு நொடி முடிவு செய்வதே இதன் சாரம். திட்டமிடுவோர்க்கு இது புதிதாகத் தோன்றாது! தேர்ந்த ஆட்டக்காரர் நிமிடத்திற்கு 300 முறை விசைகளை இயக்குவார்.

விளையாட்டு அமெரிக்காவினுடையது, அதற்குத் தாயகமானதோ தென்கொரியா. 1997 நவம்பரில் அந்நாடு கடும் நிதி நெருக்கடிக்கு ஆளாகிச் சர்வதேச நிதியத்தின் உதவியை நாடியது. வேலை இழந்தோர் பலர் தம் கையிருப்பைக் கொண்டு ‘பீசி பாங்’ எனப்படும் கணினி நிலையங்களைத் தொடங்கினர். அரசு அதே காலத்தில் பிராட்பேண்ட் இணைப்பை நாடெங்கும் பரப்பும் திட்டத்தை மேற்கொண்டது. 2000-களின் தொடக்கத்தில் இத்தகைய நிலையங்கள் 20,000-க்கும் மேல் பெருகியிருந்தன. மணிக்குச் சிறு தொகை கொடுத்து எந்த மாணவனும் அங்கு ஆட முடிந்தது. 2000-இல் பண்பாட்டு அமைச்சகத்தின் ஒப்புதலுடன் கொரிய மின்விளையாட்டுச் சங்கம் அமைந்தது. விளையாட்டுகளையே ஒளிபரப்பும் தொலைக்காட்சி அலைவரிசையும் அவ்வாண்டு தோன்றியது. பெரிய நிறுவனங்கள் அணிகளை அமைத்து, வீரர்களை ஒரே இல்லத்தில் தங்க வைத்துப் பயிற்சி அளித்தன. 2004-இல் பூசான் நகரின் குவாங்கல்லி கடற்கரையில் நடந்த இறுதிப் போட்டிக்கு ஏறத்தாழ 1,00,000 பேர் கூடியதாக மதிப்பிடப்பட்டது.

இத்தகைய ஏற்பாட்டின் முன் பிற நாட்டவர் நிற்க இயலவில்லை. 2000-ஆம் ஆண்டு கனடாவின் கியூபெக் மாநிலத்தைச் சேர்ந்த கீயோம் பாத்ரி என்பவர் கொரியாவின் முதன்மைப் போட்டி ஒன்றில் பட்டம் வென்றார். அதன் பின் அக்கதவு மூடிக்கொண்டது. ‘வேர்ல்டு சைபர் கேம்ஸ்’ என்னும் உலகப் போட்டியில் 2001 முதல் 2010 வரை ஸ்டார்கிராஃப்ட் தங்கப் பதக்கம் ஓர் ஆண்டு கூடக் கொரியாவை விட்டு வெளியே செல்லவில்லை.

ஐரோப்பாவில் இருந்த அடித்தளம்

இக்காலத்தில் பிற நாடுகளில் ஒன்றுமே இல்லாதிருக்கவில்லை. சுவீடனில் 1998-இல் கொண்டுவரப்பட்ட வரிச்சலுகைத் திட்டத்தின்படி, ஊழியர்கள் தாம் பணிபுரியும் நிறுவனத்தின் வாயிலாகக் கணினியை வாடகைக்குப் பெற்று வீட்டில் வைத்துக்கொள்ள முடிந்தது. இதனால் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் கணினி எட்டியது. அந்நாட்டில் 1994-இல் சிறு கூட்டமாகத் தொடங்கிய ‘டிரீம்ஹேக்’ என்னும் கணினி ஆர்வலர் விழா, பின்னர் யோன்ஷோப்பிங் நகரின் கண்காட்சி அரங்குகளை நிரப்பும் பெருவிழாவாக வளர்ந்தது. ஜெர்மனியின் கொலோன் நகரில் 2000-இல் ஈ.எஸ்.எல். என்னும் போட்டி அமைப்பு தோன்றியது. கிரேஃபெல்டு நகரில் 2010 முதல், ஒரு வீட்டின் வரவேற்பறை போன்ற சூழலில் நடத்தப்பட்ட போட்டி ஒன்று உலகப் புகழ் பெற்றது.

போலந்தின் கட்டோவிட்சே நகரை இங்கு தனியாகக் குறிப்பிட வேண்டும். நிலக்கரிச் சுரங்கங்களை நம்பி வாழ்ந்த அந்த வட்டாரம், சுரங்கத் தொழில் சுருங்கியபின் புதிய முகம் தேடி நின்றது. 1971-இல் திறக்கப்பட்ட ‘ஸ்போடெக்’ என்னும் பெரிய உள்ளரங்கில், 2013 முதல் உலகத்தரப் போட்டிகள் நடைபெறத் தொடங்கின. பழைய தொழில் நகரம் ஒன்று உலக இளைஞர்கள் அறிந்த பெயராயிற்று.

ஆகவே கணினி இருந்தது, இணைப்பு இருந்தது, ஆர்வலரும் அரங்கும் இருந்தனர். பட்டம் மட்டும் இல்லை. காரணம் யாது?

ஆறு கோப்பைகள்

விளையாட்டின் இரண்டாம் பாகம் 2010 ஜூலையில் வெளியாயிற்று. எல்லோரும் புதிதாகத் தொடங்குவதால் இடைவெளி குறையும் என்று பலர் எதிர்பார்த்தனர். அவ்வாறு நிகழவில்லை. 2013-இல் பிளிசார்ட் நிறுவனம் உலகச் சாம்பியன் தொடரைக் கொரியா, ஐரோப்பா, அமெரிக்கா என மூன்று மண்டலங்களாகப் பிரித்தது. ஆனால் எந்நாட்டவரும் தாம் விரும்பிய மண்டலத்தில் ஆடலாம் என்று விதி வகுத்தது. விளைவு என்ன? அவ்வாண்டு ஐரோப்பிய மண்டலத்தில் மூன்று பருவங்கள், அமெரிக்க மண்டலத்தில் மூன்று பருவங்கள், ஆக ஆறு கோப்பைகள் வழங்கப்பட்டன. ஆறையும் கொரியர்களே வென்றனர். ஆண்டு இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற்ற 16 பேரில் 15 பேர் கொரியர். எஞ்சியவர் சுவீடனைச் சேர்ந்த ஒருவர். அடுத்த ஆண்டு பதினாறு இடங்களும் கொரியர் வசமாயின.

இதன் உட்பொருளை நோக்க வேண்டும். பெயரளவில் மண்டலங்கள் இருந்தன. பரிசுத் தொகையும் மண்டலங்களுக்குப் பகிரப்பட்டது. ஆனால் ஏணியின் மேற்படிகள் மட்டுமல்ல, நடுப்படிகளும் முன்னேறியவர்களால் நிரப்பப்பட்டன. ஜெர்மனியிலோ மெக்சிகோவிலோ உள்ள இளைஞன் ஒருவன் முதற்சுற்றிலேயே கொரிய வல்லுநரைச் சந்தித்து வெளியேறினான். தோல்வியிலிருந்து கற்கலாம் என்பது உண்மையே. ஆனால் அடுத்த தோல்வி வரை அவன் உண்பதற்கும் பயிற்சி பெறுவதற்கும் வழி வேண்டும் அல்லவா?

வேலியும் வாயிலும்

2015-இல் மண்டலப் போட்டியில் ஆடுவோர் அம்மண்டலத்தில் சட்டப்படி குடியிருக்க வேண்டும் என்ற விதி வந்தது. 2016-இல் அது மேலும் இறுகியது. கொரியாவுக்கு ஒரு தொடரும், ஏனைய உலகிற்கு மற்றொரு தொடரும் தனித்தனியே அமைந்தன. ஆண்டு இறுதியில் இருபுறமிருந்தும் எட்டெட்டுப் பேர் ஒரே மேடையில் சந்திப்பர். இது தவிர, இரு தரப்பினரும் கலந்து ஆடும் திறந்த போட்டிகள் பல தொடர்ந்து நடைபெற்றன. அதாவது கீழ்ப்படிகளுக்கு வேலி, மேற்படிக்கு வாயில்.

இம்முறைக்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. திறமை குறைந்தோர்க்கு இட ஒதுக்கீடு செய்து போட்டியின் தரத்தைக் குறைப்பதாகச் சிலர் கூறினர். வெளிநாட்டுப் பரிசுகளை நம்பியிருந்த நடுத்தரக் கொரிய வீரர்களின் பிழைப்பு பாதிக்கப்படும் என்பது மற்றொரு வாதம். இவ்விரண்டாவது வாதத்தில் நியாயம் உண்டு. பாதுகாப்பு என்பது எப்போதும் யாரோ ஒருவருடைய செலவில் அளிக்கப்படுவதே. அச்செலவுக்கு ஈடான பயன் விளைந்ததா என்பதே கேள்வி.

பயன் விளைந்தது. 2016 அக்டோபரில் அமெரிக்காவின் அலெக்ஸ் சண்டர்ஹாஃப்ட், சியோல் நகரில் நடந்த கொரியச் சங்கக் கோப்பையை வென்றார். பாத்ரிக்குப் பின் கொரிய மண்ணில் முதன்மைப் பட்டம் வென்ற வெளிநாட்டவர் அவரே. 2018 பிப்ரவரியில், பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக் போட்டியை ஒட்டிக் கொரியாவிலேயே நடந்த திறந்த போட்டியில், கனடாவின் சாஷா ஹோஸ்டின், இருமுறை உலகச் சாம்பியனான கிம் யூ-ஜின்னை இறுதியாட்டத்தில் தோற்கடித்தார். இத்தகைய பெரும்போட்டியில் பட்டம் வென்ற முதற்பெண்மணி அவர்.

அதே 2018-இல் பின்லாந்தைச் சேர்ந்த இருபது வயது யோனா சோத்தலா, வெளிநாட்டுத் தொடரின் நான்கு போட்டிகளையும் வென்றார். ஆகஸ்டில் சியோல் சென்று கொரியரோடு கலந்தாடிய போட்டியை வென்றார். நவம்பரில் அமெரிக்காவின் அனஹைம் நகரில் கொரியாவின் கிம் தே-யோப்பை 4-2 என்ற கணக்கில் வென்று, உலக இறுதிப் பட்டத்தைப் பெற்ற முதல் கொரியர் அல்லாதவரானார். ‘செரால்’ என்ற ஆட்டப்பெயரால் அறியப்படும் அவர் கொரியப் பயிற்சி இல்லம் எதிலும் சேரவில்லை. பள்ளிப் படிப்பை முடித்த பின்னரே முழுநேர ஆட்டக்காரரானார். பின்னர் 2021-இல் இத்தாலியின் ரிக்கார்டோ ரோமித்தி கட்டோவிட்சே போட்டியின் பட்டத்தை வென்றார். 2023-இல் கட்டோவிட்சேயில் சீனாவின் லி பெய்னான், கொரியாவின் தலைசிறந்த ஆட்டக்காரர்களுள் ஒருவரான சோ சோங்-ஜூவை 4-1 என வென்றார். 2024-இல் ரியாத் நகரில் நடந்த உலகக் கோப்பையின் இறுதியாட்டம் பிரான்சுக்கும் பின்லாந்துக்கும் இடையே நடந்தது.

பழைய விதியும் புதிய சான்றும்

பொருளியல் மாணவர்களுக்கு இங்கு ஒரு பழைய செய்தி நினைவுக்கு வரலாம். 1921-இல் அமைக்கப்பட்ட இந்திய நிதிக்கொள்கைக் குழு, எத்தொழிலுக்குப் பாதுகாப்பு அளிக்கலாம் என்பதற்கு மூன்று நிபந்தனைகளை வகுத்தது. முதலாவது, அத்தொழிலுக்கு நாட்டில் இயற்கையான வசதிகள் இருத்தல் வேண்டும். இரண்டாவது, பாதுகாப்பின்றி அது வளர இயலாததாக, அல்லது தேவையான வேகத்தில் வளர இயலாததாக இருத்தல் வேண்டும். மூன்றாவது, இறுதியில் பாதுகாப்பு இன்றியே உலகப் போட்டியைத் தாங்க வல்லதாதல் வேண்டும். 1924-இல் எஃகுத் தொழிலுக்குப் பாதுகாப்பு அளிக்கப்பட்டது இவ்வடிப்படையில்தான்.

நாம் கண்ட வரலாற்றை இம்மூன்றோடும் ஒப்பிடுக. கணினியும் இணைப்பும் சங்கங்களும் முன்பே இருந்தன. முதல் நிபந்தனை நிறைவேறியது. ஆறு கோப்பைகள் இரண்டாவதை மெய்ப்பித்தன. 2018 மூன்றாவதை மெய்ப்பித்தது. முதல் நிபந்தனை இல்லாத இடத்தில் வேலி மட்டும் கட்டியிருந்தால், வேலிக்குள் வெற்று நிலமே இருந்திருக்கும். மேலே வாயில் இல்லாதிருந்தால், வேலிக்குள் இருந்தோர் தம்முள் தாமே பட்டம் சூட்டிக்கொண்டு மகிழ்ந்திருப்பர்.

இரு எச்சரிக்கைகள்

எனினும் வெற்றி முழுவதையும் வேலிக்கே உரித்தாக்குவது பொருந்தாது. அதே ஆண்டுகளில் கொரியாவில் இவ்விளையாட்டு நலிவுற்றது. 2010-இலும் 2015-இலும் பணத்திற்காக ஆட்டங்களைத் தோற்றுக்கொடுத்த ஊழல்கள் வெளிப்பட்டுச் சங்கத்தின் நற்பெயரைக் குலைத்தன. 2016 அக்டோபரில் அணிகளுக்கிடையிலான ‘புரோலீக்’ தொடர் நிறுத்தப்பட்டது. அணிகள் பல கலைக்கப்பட்டன. இளம் திறமைசாலிகள் ‘லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ்’ என்னும் வேறு விளையாட்டை நாடினர். அதில் கொரியாவின் வலிமை குறையவில்லை. 2022 முதல் 2025 வரை நான்கு உலகப் பட்டங்களையும் கொரிய அணிகளே பெற்றன. எனவே ஏணியில் பின்னவர் ஏறியதோடு, முன்னவர் ஓரளவு இறங்கியதும் உண்டு. கீழ்ப்படிகளைப் பேணாத நாடு, எவ்வளவு உயரத்தில் நின்றாலும், அடுத்த தலைமுறையை இழக்கும் என்பது கொரியா தரும் பாடம்.

இரண்டாவது எச்சரிக்கை உடைமை பற்றியது. சதுரங்கமோ கபடியோ எவருடைய சொத்தும் அல்ல. ஆனால் மின்விளையாட்டு ஒவ்வொன்றும் ஒரு நிறுவனத்தின் உடைமை. 2010-இல் ஒளிபரப்பு உரிமை குறித்துப் பிளிசார்ட் நிறுவனத்துக்கும் கொரியச் சங்கத்துக்கும் ஏற்பட்ட பூசல் நீதிமன்றம் வரை சென்று 2011-இல்தான் தீர்ந்தது. பத்தாண்டு பாடுபட்டு வளர்த்த களம் தமதன்று என்பதைக் கொரியர் அப்போது உணர்ந்தனர். நம் நாட்டிலும் இதனைக் கண்டோம். மிகுதியாக ஆடப்பட்ட ‘பப்ஜி மொபைல்’ 2020 செப்டம்பரில் தடை செய்யப்பட்டது. அதன் கொரிய உரிமையாளர் 2021 ஜூலையில் இந்தியாவுக்கென வெளியிட்ட பதிப்பு, 2022 ஜூலையில் செயலிக் கடைகளிலிருந்து நீக்கப்பட்டு, 2023 மே மாதத்தில் மீண்டும் வந்தது. அரசின் முடிவுக்குப் பாதுகாப்புக் காரணங்கள் இருந்தன. ஆனால் அந்த ஒன்றையே நம்பிப் பயிற்சி பெற்ற இளைஞர்களுக்கு அவ்விடைக்காலம் பெரும் இழப்பு என்பதை மறுக்க இயலாது.

நமக்கு உரியது

இந்தியா இத்துறையில் வெறுங்கையோடு இல்லை. 2018-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் மின்விளையாட்டு காட்சிப் போட்டியாக நடந்தபோது, குஜராத்தின் தீர்த் மேத்தா ‘ஹார்த்ஸ்டோன்’ பிரிவில் வெண்கலம் பெற்றார். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய ஆன்லைன் விளையாட்டு ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம், பணம் வைத்து ஆடும் ஆட்டங்களை விலக்கி, திறனால் முடிவாகும் மின்விளையாட்டைத் தனியே பிரித்து ஏற்றுக்கொண்டது. சூதாட்டத்தோடு கலந்து கிடக்கும் வரை எந்த விளையாட்டுக்கும் பெற்றோரின் நம்பிக்கை கிட்டாது. கொரிய ஊழல்களும் இதையே சொல்கின்றன. ஆகவே இப்பிரிவினை தேவையானது.

இனி அலுவலர்கள் கருத வேண்டியவை நான்கு. முதலாவது, செலவைச் சர்வதேசப் பரிசு விழாக்களில் தொடங்காமல் மாவட்ட, கல்லூரி அளவிலான போட்டிகளில் தொடங்குதல். பீசி பாங் நிலையங்களும் சுவீடனின் வீட்டுக் கணினிகளும் இல்லாமல் எந்தச் சாம்பியனும் தோன்றவில்லை. இரண்டாவது, உள்நாட்டுத் தொடர்களில் சில படிகளை நம் இளைஞர்க்கென ஒதுக்கும்போது, ஒவ்வொரு தொடரின் உச்சியிலும் வெளிநாட்டவரோடு மோதும் வாய்ப்பைக் கட்டாயமாக்குதல். ஒதுக்கீட்டுக்கு ஆண்டுக்கணக்கில் வரம்பு வைத்தல். மூன்றாவது, ஒரே விளையாட்டையோ ஒரே உரிமையாளரையோ நம்பித் திட்டம் தீட்டாமை. நான்காவது, பள்ளிப் படிப்பு முடிவதை முழுநேரப் பயிற்சிக்கு முன்நிபந்தனையாக்குதல்.

இந்நான்காவதை வலியுறுத்திக் கூற விரும்புகிறேன். எத்தொழிலிலும் பாதுகாப்பு தோல்வியுற்றால் முதலீடு வீணாகும். இங்கு முதலீடு என்பது இளைஞனுடைய பதினைந்து முதல் இருபத்தைந்து வரையிலான வயது. சாம்பியன் ஒருவர் உருவாகும்போது, பட்டம் பெறாத ஆயிரம் பேரும் உடன் உருவாகின்றனர். அவர்களுக்கு வேறு தொழிலுக்குத் திரும்பும் வழி இருக்குமானால் இத்துறை நாட்டுக்கு நன்மை. இல்லையேல் பதக்கப் பட்டியல் எவ்வளவு நீண்டாலும் அது நட்டக் கணக்கே.

மாணவ நண்பர்களே, ஆதிக்கம் செலுத்தும் நாடு ஒன்று இருப்பதால் பிறர்க்கு இடமில்லை என்று எண்ண வேண்டுவதில்லை. பதினெட்டு ஆண்டுகள் மூடியிருந்த கதவு பின்லாந்தைச் சேர்ந்த ஓர் இளைஞருக்குத் திறந்தது. அவருக்குக் கீழே படிகள் இருந்தன. கையில் பள்ளிச் சான்றிதழும் இருந்தது. இவ்விரண்டையும் நம் பிள்ளைகளுக்கு அளிப்பது எளிது அன்று. ஆயினும் இயலாததும் அன்று என்று கூறி, என் உரையை நிறைவு செய்கிறேன்.